பதிவேட்டில் இல்லாத இரண்டு சுவிட்சுகள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், என் கண்ணுகளா. கையில் இருக்கிற ஃபோனைக் குப்புறப் போடுங்கள். சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் சாப்பிட்டுவிட்டே வாருங்கள், கதை எங்கேயும் ஓடிப்போகாது. ஒரு பெரிய மனிதர் பட்டப்பகலில், ஊரே பார்க்க, ஒன்பதடி உயரத்துக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்ட கதை இது. ஏற்றியது ஒரு பெண் செய்த இயந்திரம். இறங்கவிடாமல் வைத்திருந்தது அவருடைய சொந்தக் கல்லூரி.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற நெடுஞ்சாலையில், ஒரு காலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைந்த நிலத்தில், ஞானச்சிகரம் பொறியியல் கல்லூரி நிற்கிறது. அதை நிறுவியவரைக் கல்வித் தந்தை என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சத்தமாகப் படித்த தபால்காரரை வாசலிலேயே ஒரு மணி நேரம் நிற்கவைத்தார்கள். நமக்கு எதற்கு வம்பு. வாசலில் அவர் சிலை இருக்கிறது, கையில் விரித்த புத்தகத்தோடு. எட்டிப் பார்த்த பிள்ளைகள், இரண்டு பக்கமும் வழவழவென்று வெறுமையாக இருக்கிறது என்று சொன்னார்கள்.

அந்தக் கல்லூரியில் நாலு வருஷம் படித்தவள் ஆரோக்கியசெல்வி. ஒலக்கூர் பக்கம். அப்பா அந்தோணிசாமி திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். முப்பது வருஷமாக மல்லாட்டை மூட்டையை லாரியில் ஏற்றி ஏற்றி, மனிதர் நேராக நின்றாலும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது போலத் தெரியும். அதனால்தான் கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு மற்றப் பிள்ளைகள் கோட்டின்மேல் ஓடும் பொம்மை வண்டி செய்தபோது, செல்வி மூட்டை தூக்குகிற ரோபோ செய்தாள்.

அது எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள், சுலபம்தான். நாலு சக்கர வண்டி. அதன்மேல் கத்தரிக்கோல் மாதிரி விரியும் இரும்புக் கைகள், கைகளுக்கு மேலே ஒரு தட்டு. கைகளை விரிப்பது ஒரு மோட்டார் கம்பி, ஆக்சுவேட்டர் என்பார்கள். மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் கம்பி நீளும், தட்டு ஏறும். மறுபக்கம் சுற்றினால் கம்பி உள்ளே போகும், தட்டு இறங்கும். ஆனால் அந்தக் கம்பிக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. செல்வி வாங்கிய முதல் மோட்டார் முடிவு வரைக்கும் போய், அதற்குமேலும் முட்டிக்கொண்டே இருந்து, புகைந்து செத்துப்போனது. பிறகுதான் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கட்டைவிரல் நகம் அளவில் இரண்டு லிமிட் சுவிட்ச் வைத்தாள். கம்பி போய்த் தொட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம், மோட்டார் நின்றுவிடும். பட்டனை ஒரு தரம் தட்டிவிட்டு மறந்துவிடலாம். ஐந்தடி, லாரித் தட்டு உயரம். அங்கே டிக்.

ப்ராஜெக்ட் முடிந்தது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லாச் சான்றிதழும் அசலாக எடுத்து வர வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆள் என்று சொல்லிவிட்டார்கள். அசலோ கல்லூரியில் இருந்தது. சேர்ந்த அன்றைக்கே பத்தாவது, பன்னிரண்டாவது, சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, இங்கே பத்திரமாக இருக்கும் என்றார்கள். பத்திரமாகத்தான் இருந்தது. அவள் கைக்கு எட்டாத பத்திரம்.

அதைத் திரும்ப வாங்க, பாக்கி எதுவும் இல்லை என்று காட்ட, 'நோ டியூ' என்று ஒரு படிவம். பதினாலு கையெழுத்து. வாழ்நாளில் விடுதிப் பக்கமே போகாத செல்வி, நாலு வருஷமும் அங்கே தூங்கவில்லை என்று விடுதிக் காப்பாளரிடம் எழுதி வாங்கினாள். நீச்சல் குளத்துக்கும் ஒரு கையெழுத்து உண்டு. கல்லூரியில் நீச்சல் குளம் கிடையாது, விளம்பரப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. ஆகவே அதற்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார். அவர், "துண்டைத் திருப்பிக் குடுத்துட்டியா?" என்று கேட்டார். இப்படிப் பதின்மூன்று முடிந்து, வியாழக்கிழமை மத்தியானம் பதினாலாவதுக்கு வந்தாள்.

பதினாலாவது, ஸ்டோர்ஸ் சூப்பிரண்டு கிருஷ்ணசாமி. ரோபோவை முன்னால் நிறுத்திவைத்து, இருப்புப் பதிவேட்டில் விரலை ஓட்டினார்.

"வண்டி ஒண்ணு. சரி. சக்கரம் நாலு. சரி. மோட்டார் கம்பி ஒண்ணு. சரி. இது இன்னாம்மா, குட்டியா ரெண்டு?"

"லிமிட் சுவிட்ச் சார்."

"இருப்புல இல்லியே."

"காலேஜ்ல கேட்டேன் சார், தரல. நானே விழுப்புரத்துல வாங்கிப் போட்டேன்."

கிருஷ்ணசாமி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்ப கல்லூரிச் சொத்து மேல அந்நியப் பொருள் ஏறி உக்காந்துகினு கீது."

"கூடத்தானே சார் இருக்குது. கொறையலியே."

"கொறஞ்சா பரவால்லம்மா! கொறஞ்சா 'காணவில்லை'ன்னு எழுத எடம் கீது. இருவது வருஷமா இங்கேர்ந்து என்னென்னவோ காணாமப் போயிருக்குது, ஒரு ஆளு என்னைக் கேட்டதில்ல. கூடிப்போச்சின்னா எங்க எழுதறது? என் வேலையே போயிரும்."

"அப்ப நன்கொடையா வச்சிக்குங்க சார்."

"அதுக்கு நன்கொடை ஏற்புக் குழு கீது. தலைவரு கல்வித் தந்தை. உறுப்பினரு அவரு சம்சாரம். ஜனவரியில கூடுவாங்க."

"கழட்டினா தட்டு அஞ்சடியில நிக்காது சார். போய்க்கினே இருக்கும்."

"போறது உன் டிபார்ட்மென்ட். பதிவேடு என் டிபார்ட்மென்ட்."

செல்வி அங்கிருந்து புத்தாக்கத் துறைத் தலைவர் டாக்டர் ராஜ்குமாரிடம் ஓடினாள். அவர் கண்ணாடி முன்னால் நின்று சனிக்கிழமைக்கான வரவேற்புரையைப் பழகிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை தரக்குழு வருகிறது. வெளியூரிலிருந்து கோட்டுப் போட்ட மூன்று பேர்; அவர்கள் 'ஏ', 'பி' என்று போடுகிற தர எழுத்தை வைத்துத்தான் அடுத்த வருஷ விளம்பரம்.

"செல்வி, நீ எல்லாத்தையும் டெக்னிக்கலா பாக்கற. அதான் உன் பிரச்சினை," என்றார் ராஜ்குமார். "இந்த ரோபோவக் கண்டுபிடிச்சது யாரு?"

"நான்தான் சார்."

"ஆய்வுக் கட்டுரையில?"

"நீங்க சார். அப்புறம் கல்வித் தந்தை. அப்புறம் அவரு பேரன்."

"பேரன் யூகேஜி. அந்த வயசுலயே இன்னா ஆர்வம் பாரு! நீயும் 'மற்றும் பலர்'ல இருக்கற, நான் மறக்கல. கண்டுபிடிச்ச எனக்குத் தெரியாதா அது எங்க நிக்கும்னு? சூப்பிரண்டு சொல்றபடி கழட்டிக் குடு. சனிக்கிழமை நம்ம ரோபோ கல்வித் தந்தையைத் தூக்கப் போகுது."

"சார், அது மூட்டை தூக்கற மெஷினு..."

"மூட்டையத் தூக்கிக் காட்டினா தரக்குழு மதிக்குமா? தந்தை ஏறுவாரு, தன் படத்துக்குப் போட்ட திரையைத் தானே வெலக்குவாரு, எறங்குவாரு. ஒரே பட்டன்."

வேறு வழியில்லை. வெள்ளிக்கிழமை செல்வி இரண்டு சுவிட்சையும் கழற்றினாள். கழற்றிய இடத்தை கிருஷ்ணசாமி குனிந்து பார்த்தார்.

"இது இன்னா, ரெண்டு ஓட்டை?"

"சுவிட்ச் மாட்ட நான் போட்டது சார்."

"இதுவும் இருப்புல இல்ல. எடுத்துக்கினு போயிரு."

"ஓட்டைய எப்படி சார் எடுத்துக்கினு போறது?"

கிருஷ்ணசாமி நியாயமான மனிதர், யோசித்தார். கறுப்பு டேப் கொண்டுவந்து இரண்டு ஓட்டையையும் மூடினார்கள். பதிவேடு சரியாகிவிட்டது. சுவிட்சுகளையாவது தரக்கூடாதா என்று செல்வி கேட்டாள். உள்ளே வந்ததற்குச் சீட்டு இல்லாத பொருள் வெளியே போகச் சீட்டுப் போட முடியாதாம். உறையில் போட்டு அரக்கு வைத்து ஸ்டோர்ஸில் பூட்டினார்கள்.

"எல்லாத்தையும் எழுத்துல குடுங்க சார்," என்றாள் செல்வி. அதைக் கேட்டு அவர் மனம் குளிர்ந்துபோனது. இருபது வருஷத்தில் அவரிடம் எழுத்தைக் கேட்டு வாங்கிய முதல் பிள்ளை. 'மாணவி அந்நியப் பொருள் இரண்டினை அகற்றியதால் கல்லூரிச் சொத்து பழைய நிலையை அடைந்தது. மாணவி இந்நிமிடம் முதல் வெளியாள். கல்லூரிப் பொருள் எதையும் தொடக்கூடாது' என்று எழுதி, முத்திரை குத்தி, பதினாலாவது கையெழுத்தையும் போட்டார்.

"சர்டிபிகேட் சார்?"

"பீரோ சாவி கல்வித் தந்தை இடுப்புல கீது. நாளைக்கு வருவாரு, வாங்கிக்க."

சனிக்கிழமை காலையில் அப்பாவும் மகளும் பஸ் ஏறி வந்து, பந்தலின் பின்பக்கம் நின்றார்கள். அந்தோணிசாமி ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். மேடைமேல் ரோபோவுக்குச் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். தட்டின்மேல் சிம்மாசனம் போல ஒரு நாற்காலி. அதன்மேல் கல்வித் தந்தை. விழுந்துவிடக் கூடாதென்று பொன்னாடைகளால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவருக்குப் பொன்னாடைக்குப் பஞ்சமில்லை.

செல்வி மேடையோரம் ஓடினாள். "சார், சுவிட்ச் இல்ல சார். அவர ஏத்தாதீங்க. அஞ்சடியில நிக்காது."

ராஜ்குமார் மைக்கைப் பொத்திக்கொண்டார். "நீ யாரு?"

"சார்?"

"நோ டியூ வாங்கிட்ட இல்ல? வெளியாளு. போய்ப் பின்னால நில்லு." பிறகு மைக்கைத் திறந்தார். "பேரன்புமிக்க தரக்குழுவினரே! இந்தக் கல்லூரியில் கல்வித் தந்தைக்குத் தெரியாமல் ஒரு மரத்தில் இலைகூட உதிராது. உதிர்ந்தால் அந்த மரத்தை வெட்டிவிடுவோம். எங்கள் மாணவர்கள் நான்கு ஆண்டுகளில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை; அந்த அளவுக்குத் தெளிவாகக் கற்பிக்கிறோம். எங்கள் ஆய்வகக் கருவிகள் வாங்கிய அன்று எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. ஒருவர் கையும் பட்டதில்லை."

கோட்டுப் போட்டவர்கள் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்கள். ராஜ்குமார் பட்டனைத் தட்டினார்.

ஏறியது. இரண்டடி, மூன்றடி. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. நாலடி. கல்வித் தந்தை கையை நீட்டித் திரையின் கயிற்றைப் பிடித்தார். ஐந்தடி. டிக் என்ற சத்தத்துக்காகச் செல்வி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். இல்லை. தந்தை தன் படத்தின் மூக்கைக் கடந்தார், நெற்றியைக் கடந்தார், திரையையும் கயிற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார். எட்டடியில் அவர் தலை பந்தல் துணியில் முட்டியது; துணி கிழிந்து வழிவிட்டது. ஒன்பதடியில் மோட்டார் உறுமி, ஒரு மூச்சுப் புகை விட்டு நின்றது. கீழே இருந்தவர்களுக்குத் தந்தையின் கழுத்துக்குக் கீழே மட்டும் தெரிந்தது. தலை பந்தலுக்கு வெளியே, வெயிலில்.

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாமல் என்ன செய்வார்கள்? நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் போட்டிருந்தது.

பத்து நிமிஷம் ஆனது. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கினார். "இது எங்கள் ரோபோவின் நீடித்த தாங்கும் திறனுக்கான சோதனை," என்று ராஜ்குமார் மைக்கில் அறிவித்தார்.

"யம்மா செல்வி, இன்னா அவர எறக்காம வச்சினுகிறாங்க?" என்று கேட்டார் அந்தோணிசாமி.

"எறக்க முடியாதுப்பா. மோட்டார் இன்னும் சாவல, ஆனா கம்பி கடைசி வரைக்கும் போய் மரை இறுகிப்போச்சு."

"மூட்டைன்னா நாலு பேரு தோளு குடுத்து எறக்கிருவோம்." அவர் தன் தோளை ஒரு தரம் தடவிக்கொண்டார். "இவரு பெரிய மனுசன். எங்க தோளு படலாமா?"

ஏணி வந்தது. மேலேயிருந்து துணிக்கு வெளியே குரல் கேட்டது: "எவன்டா ஏணி கொண்டாந்தவன்? ஏணியில எறங்கினா மெஷினு தோத்துப்போச்சின்னு எழுதிருவானுங்க! ஏறின மாதிரியே எறக்குங்கடா! ஜல்தி! மண்ட காயுது!"

ராஜ்குமார் பந்தலின் பின்பக்கம் வந்தார். முகத்தில் பவுடர் கரைந்திருந்தது. "செல்வி... கொஞ்சம் வாம்மா."

"நான் வெளியாளு சார். எதையும் தொடக்கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க." முத்திரை குத்திய காகிதத்தை எடுத்துக் காட்டினாள்.

"கல்லூரியின் அன்புக்குரிய விருந்தாளியா வாம்மா. எறக்க இன்னா வேணும்?"

"ஸ்பேனர் வேணும், மரையத் தளத்திருவேன். ஆனா ரெண்டு சுவிட்சும் வேணும் சார். கீழ சுவிட்ச் இல்லாம எறக்கினா அடியில போய் முட்டிக்கும். நாற்காலி கவுந்துரும்."

கிருஷ்ணசாமியைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து நின்றார், பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "இருப்புல இல்லாத பொருள எடுத்துக் குடுக்க முடியாதுங்க. இருப்புல ஏத்தணும்னா நன்கொடைக் குழு கூடணும்."

"யோவ், தலைவரு மேல இருக்காருய்யா!"

"உறுப்பினரு கீழதானே இருக்காங்க," என்றார் கிருஷ்ணசாமி. "மூணுல ரெண்டு பங்கு வேணும்னு விதியில கீது. ரெண்டு பேருதான் குழு. ரெண்டு பேரும் போட்டா சரியாப் போச்சு."

முதல் வரிசையில் இருந்த தந்தையின் மனைவி கையெழுத்துப் போட்டார். "நிதானமா எறக்குங்க. வீட்டுல இன்னிக்கித்தான் சத்தமில்லாம இருக்குது," என்றார். பிறகு கிருஷ்ணசாமி, தந்தை இறங்க மறுத்த அதே ஏணியில் பதிவேட்டோடு ஏறினார். பந்தலுக்கு மேலே நன்கொடை ஏற்புக் குழு கூடியது.

"சுவிட்ச் ரெண்டுங்க ஐயா. ஓட்டை ரெண்டையும் சேத்துப் போட்டுர்லாங்களா? அதுவும் ரொம்ப நாளா வெளியவே கீது."

"எதையாவது போடுடா!"

"கொடையாளர் சம்மதம் வேணுங்க ஐயா." ஏணியிலிருந்தே கீழே குனிந்தார். "செல்வி, உனக்குச் சம்மதந்தானே?"

பந்தலே செல்வியைப் பார்த்தது, கண்ணுகளா. அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அப்பா சாய்ந்து நின்றபடியே ஒரு தலையாட்டு ஆட்டினார்.

"சம்மதந்தாங்க," என்றாள். "என் ஒரிஜினல் கைக்கு வந்ததும்."

"மிரட்டறியாடி?" என்றது மேலிருந்த குரல்.

"இல்லீங்க ஐயா. உங்க பொருளு உங்ககிட்ட, என் பொருளு என்கிட்ட. பதிவேடு சரியா இருக்கணும் இல்லீங்களா."

"ரொம்ப நியாயம்," என்று கிருஷ்ணசாமி தன்னை மறந்து சொல்லிவிட்டார்.

வெயில் கொஞ்ச நேரம் வேலை செய்தது. பிறகு பொன்னாடைகளுக்கு நடுவில் ஒரு கை இடுப்பைத் துழாவியது. சாவி கீழே விழுந்தது. மகளுக்குப் பின்னாலேயே மேடையோரம் வந்திருந்த அந்தோணிசாமி எட்டிப் பிடித்தார். ராஜ்குமாருக்குப் பட்டனை விட்டு நகரப் பயம், கிருஷ்ணசாமி ஏணியில், மற்றவர்கள் தரக்குழுவுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஜல்தியா போய் உன் பொண்ணுதை எடுத்துக்கினு வாய்யா," என்று அவரையே அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது அவர் தோள்மேல் ஒரு கோணி மூட்டை இருந்தது. மேடை முன்னால் அதை மெதுவாக இறக்கிவைத்து, மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். உள்ளே கட்டுக்கட்டாகச் சான்றிதழ்கள். அந்த வருஷத்துப் பிள்ளைகள் அத்தனை பேருடையதும்.

"உன் பொண்ணுதை மட்டுந்தானேய்யா சொன்னோம்!" என்று ராஜ்குமார் அலறினார்.

"எது என் பொண்ணுதுன்னு எனக்கு இன்னா சார் தெரியும்? மூட்டை தூக்கறவன். மொத்தமா தூக்கியாந்துட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை தோறும் மாதா கோயிலில் பைபிள் வாசகம் படிப்பது அந்தோணிசாமிதான் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. மகளுக்குத் தெரியும். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு முதல் கட்டைப் பிரித்தாள். "கவிதா!" என்று கூப்பிட்டாள். நீச்சல் குளத்துத் துண்டுக்காக மூன்று மாசமாக நடந்துகொண்டிருந்த பெண் கூட்டத்திலிருந்து ஓடிவந்தாள். "கோபி!" "வெண்ணிலா!" பேர் பேராக வாசித்தாள். பிள்ளைகள் வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்கள். பட்டமளிப்பு விழா போல இருந்தது. மேலே தலை தெரியாமல் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருக்க, கோட்டுக்காரர்களும் அப்படித்தான் நினைத்து எழுதிக்கொண்டார்கள்.

கோணியின் அடியில் கிடந்தது செல்வியுடையது. பத்தாவது, பன்னிரண்டாவது, சாதிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து அப்பாவின் கையில் கொடுத்தாள். அதற்கப்புறம்தான், கிருஷ்ணசாமி ஸ்டோர்ஸிலிருந்து கொண்டுவந்த உறையின் அரக்கை உடைத்து, ஸ்பேனரை எடுத்தாள். டேப்பை உரித்தாள். தன் ஓட்டைகளில் தன் சுவிட்சுகளை மாட்டினாள், ஒயர்களை முறுக்கினாள், மரையை அரைச் சுற்றுத் தளர்த்தினாள், பட்டனைத் தட்டினாள். இரும்புக் கைகள் முனகிக்கொண்டே மடங்கின. தந்தையின் முகம் துணிக்குள்ளிருந்து வெளியே வந்தது, சுட்ட கத்தரிக்காய் மாதிரி. இறங்கி, இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே...

டிக்.

நின்றது. மைக் திறந்தே இருந்ததால் அந்தச் சத்தம் பந்தல் முழுக்கக் கேட்டது.

தரக்குழு அந்தக் கல்லூரிக்கு இருப்பதிலேயே உயர்ந்த எழுத்தைப் போட்டுவிட்டுப் போனது. மாணவர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் வேகம் வியக்கத்தக்கது என்று தனியாக ஒரு வரி வேறு. ராஜ்குமாருக்கு விருது, யூகேஜி பேரனுக்கும். கிருஷ்ணசாமியின் பதிவேட்டில் இன்றைக்கும் இருக்கிறது: 'லிமிட் சுவிட்ச் 2. ஓட்டை 2. நல்ல நிலையில் உள்ளன.' அடுத்த வருஷம் சேர்ந்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பழையபடி வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டார்கள். பூட்டு மட்டும் இப்போது ஒன்றுக்கு இரண்டு. அந்த மாதிரி இடங்கள் திருந்தும் என்று உங்களிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் திங்கட்கிழமை எட்டரை மணிக்கே ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் ஒரு பெண் நின்றாள், நெஞ்சோடு சான்றிதழ் ஃபைலை அணைத்துக்கொண்டு. பக்கத்தில் ஒருவர் சாய்ந்து நின்றார். "உள்ள போனதும் முதல்ல இன்னா பண்ணுவ?" என்று கேட்டார். "சுவிட்ச் எங்க இருக்குதுன்னு பாப்பேன்பா," என்றாள்.

நன்றாக இருங்கள், என் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் காகிதம் உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும். உங்கள் வீட்டில் பாரம் சுமக்கிற தோளுக்கு வலி ஆறட்டும், அந்தத் தோளுக்கு எந்த இடத்திலும் மரியாதை குறையாமல் இருக்கட்டும். காலையில் வெளியே போனவர்கள் எல்லோரும் பொழுது சாயப் பத்திரமாகத் திரும்பி வந்து, ஒன்றாக உட்கார்ந்து, சுடச்சுடச் சாப்பிடட்டும்.